மனநோயாளரின் உடலும் மருத்துவ நீதியும்

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற கடும் மனநோய்களுக்கு ஆளானோர் பிறரைக் காட்டிலும் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே மரணிக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தற்கொலை இதற்கு ஒரு காரணமே. இம்மரணங்களுள் பெரும்பாலானவை இதயநோய், நீரிழிவு, சுவாசநோய் போன்ற உடல்நோய்களால் நேர்கின்றன. உரிய காலத்தில் கவனித்தால் இவற்றுள் பலவற்றைத் தடுத்துவிட முடியும்.

வறுமையும் புகைப்பழக்கமும் இந்நோய்களை வளர்க்கின்றன. மனச்சிதைவுக்குத் தரப்படும் ஒலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகளும் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தக்கூடியவை. ஆகவே இவர்களுக்கு உடற்பரிசோதனை மற்றவர்களைவிட அதிகம் தேவை, கிடைப்பதோ குறைவு. நோயாளி நெஞ்சுவலி என்று முறையிட்டாலும் அது மனநோயின் பிதற்றலாகவே கொள்ளப்படுவதுண்டு. மனநல மருத்துவர் உள்ளத்தை மட்டும் பார்க்க, பொது மருத்துவர் மனநோய் என்றதும் ஒதுங்க, இடையில் நோயாளி கைவிடப்படுகிறார்.

நம் முன்னோர் மருத்துவத்தை இவ்வாறு கூறுபோடவில்லை. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் ஸங்கி நிறுவிய பீமாரிஸ்தானிலும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய பீமாரிஸ்தானிலும் பிற நோயாளருடன் மனநோயாளரும் சிகிச்சை பெற்றனர். வக்ஃபு வருவாய் செலவைத் தாங்கியது. மூர்க்கம் கொண்டோரைக் கட்டிவைக்கும் வழக்கம் அக்காலத்திலும் இருந்தது. எனினும் அவர்கள் மருத்துவரின் பார்வைக்கு அப்பால் தள்ளப்படவில்லை.

அப்பால் தள்ளப்பட்டால் என்ன நேரும் என்பதை ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கு ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர்.

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. அதன் 21ஆம் பிரிவு, ஆம்புலன்ஸ் முதல் மருத்துவக் காப்பீடு வரை மனநோயாளரை உடல்நோயாளருக்குச் சமமாக நடத்தக் கட்டளையிடுகிறது. ஆயினும் சட்டம் தந்த உரிமையைத் தாமே கேட்டுப்பெற இயலாதோரே இவர்களுள் பலர். அவர்களுக்காகக் கேட்பவர் வேண்டும்.

அறிவு பிறழ்ந்த நிலையில் இருப்பவர்மீது ஷரீஅத் மார்க்கக் கடமைகளைச் சுமத்துவதில்லை; அவரைப் பேணும் பொறுப்பை உற்றார்மீதும் சமுதாயத்தின்மீதும் வைக்கிறது. உணவும் உடையும் தருவதோடு அப்பொறுப்பு தீர்ந்துவிடாது. மாத்திரை வாங்க அழைத்துச் செல்லும்போதே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்வதும், அவர் வலி என்று சொன்னால் நம்புவதும் அப்பொறுப்பைச் சேர்ந்தவையே. நம் ஜமாஅத்துகள் நடத்தும் மருத்துவ முகாம்களின் வரிசையில் இவர்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.