லேப்டாப்பில் எழுத்து ஊதிப்போய் தெரியுதா? ஸ்கிரீனை மாத்த அவசரப்படாதீங்க!

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதும் எழுத்தெல்லாம் பெருசு பெருசா, மங்கலா தெரிந்தால் "டிஸ்பிளே போச்சு" என்று பயந்து கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் ஸ்கிரீன் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு உள்ளே இருக்கும் சாப்ட்வேரில். புது ஸ்கிரீன் போட்டால் சில ஆயிரம் ரூபாய் போய்விடும். ஆனால் அதற்குப் பிறகும் எழுத்து அப்படியேதான் தெரியும்!

விண்டோஸ் 10-க்கு கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் பழைய லேப்டாப்பை தூக்கிப் போட மனசில்லாதவர்களுக்கு இலவசமாக கிடைக்கும் லினக்ஸ் கைகொடுக்கிறது. நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பிலேயே ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இருந்தது.

ஏன் இப்படி?

ஸ்கிரீன் முழுக்க சின்ன சின்ன புள்ளிகள்தான். பழைய 14 இஞ்ச் லேப்டாப் பலவற்றில் குறுக்கே 1366, மேலிருந்து கீழே 768 புள்ளிகள் இருக்கும். இந்த கணக்குக்கு பெயர்தான் ரெசல்யூஷன். படம் காட்டும் சிப்புக்கு சரியான டிரைவர் கிடைக்காவிட்டால் லினக்ஸ் 1024-க்கு 768 அல்லது 800-க்கு 600 என்ற பொதுவான அளவில் ஓடும். அந்த சின்ன படத்தை இழுத்து பெரிய ஸ்கிரீனில் ஒட்டுவதால் எழுத்து மங்குகிறது, வட்டம் முட்டை மாதிரி தெரிகிறது.

ஸ்கிரீன் கோளாறா?

லேப்டாப்பை ஆப் செய்து ஆன் செய்யுங்க. கம்பெனி பெயர் வரும்போதே கோடு கோடாக இருந்தாலோ, பாதி கறுப்பாக இருந்தாலோ ஸ்கிரீன் அல்லது அதன் கேபிளில் கோளாறு. மெக்கானிக்கிடம்தான் போகணும். அங்கே சுத்தமாக இருந்து, லினக்ஸ் வந்த பிறகு மட்டும் மங்கினால் கீழே உள்ளதை வரிசையாக செய்து பாருங்க.

1. டி.வி. அல்லது புரொஜக்டர் வயர் மாட்டியிருந்தால் கழற்றுங்க. இரண்டிலும் ஒரே படம் வர, லேப்டாப் தன் அளவை குறைத்துக் கொண்டிருக்கலாம்.

2. செட்டிங்சில் டிஸ்பிளே பகுதிக்கு போய், ரெசல்யூஷன் பட்டியலில் உங்க ஸ்கிரீனுக்கு உரிய அளவை தேர்வு செய்யுங்க. எழுத்து தெளிவாக இருந்து, பெரிசாக மட்டும் தெரிந்தால் அங்கேயே ‘ஸ்கேல்’ 200 சதவீதத்தில் இருக்கும். அதை 100 ஆக்கினால் போதும்.

3. பட்டியலில் ஒரே ஒரு சின்ன அளவுதான் இருக்கிறதா? டிரைவர் பிரச்சினை. இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கு டிரைவர் லினக்சுக்குள்ளேயே வருகிறது. நெட் கனெக்ட் செய்து முழு அப்டேட் கொடுங்க. என்விடியா சிப் என்றால், உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’, மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து, சிபாரிசு என்று காட்டுவதை போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்க.

4. அப்பவும் சரியாகலையா? லினக்ஸ் போடும்போது ‘சேப் கிராபிக்ஸ்’ என்பதை தேர்வு செய்திருந்தால் ‘நோமோட்செட்’ என்ற சொல் உள்ளே தங்கியிருக்கும். டிரைவரை வேலை செய்யவிடாமல் தடுப்பது அதுதான். ஆன் ஆகும்போது ஷிப்ட் அல்லது எஸ்கேப் பட்டனை தட்டினால் கிரப் மெனு வரும். அதில் ஆங்கில ‘இ’ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்த சொல்லை மட்டும் அழித்து, எப்10 அழுத்துங்க. இந்த மாற்றம் ஒரு தடவைக்குத்தான். திரை கறுப்பாகிவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆப் செய்து மறுபடி ஆன் செய்தால் பழையபடி வந்துவிடும். தெளிவாக வந்தால் கிரப் பைலிலிருந்தே அதை எடுத்துவிட வேண்டும். தெரியாதவர்கள் இதற்கு மட்டும் கடைக்காரரை கேட்கலாம். சில நிமிஷ வேலைதான்.

கடைக்கு போகும் முன்

புது லினக்ஸ் ஒன்றை பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்க. அதில் படம் பளிச்சென்று இருந்தால் ஸ்கிரீனில் குறையே இல்லை. கடையில் ஸ்கிரீன் மாற்றச் சொன்னால் அதையே போட்டு காட்டுங்க. மறுபடி லினக்ஸ் போட்டு தருவதாக சொன்னால், பிள்ளைகளின் சர்டிபிகேட், போட்டோ எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்த பிறகு கொடுங்க.