பழி பல்பு மேல, தப்பு வயர்ல

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஊர்களைத் தாண்டினால் நல்ல இருட்டு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் ஏற்றிப்போகும் டிராக்டர்களில் பாதிக்குப் பின்னால் லைட்டும் இருக்காது, ரிஃப்ளெக்டரும் இருக்காது. சனிக்கிழமை விடியும்போது மலை ஏறிவிட வேண்டும் என்று நான் மாதம் ரெண்டு தடவையாவது இந்த ரோட்டில் போகிறவன். என்னுடையது பதினைந்து வயசான ஹேட்ச்பேக். ஹெட்லைட் மஞ்சளாக, சோகையாக எரியும். பல்புக்கு வயசாகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, 60/55 வாட்ஸ் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட்ஸ் வாங்கிப் போட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. ஒரு மாசம் வெளிச்சம் பிரமாதம்.

அப்புறம் ஒரு ராத்திரி, பக்கத்து சீட்டில் அம்மா, வேகம் அறுபது. ஸ்டீரிங் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை. "என்னடா நாத்தம் அடிக்குது?" என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் ரெண்டு பக்க டிம் லைட்டும் ஒரே நேரத்தில் போய்விட்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டே பிரைட் போட்டேன். நல்லவேளை, அது வந்தது. எதிரில் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர், நாலடி தூரத்தில். அங்கிருந்து செஞ்சி வரைக்கும் பிரைட்டிலேயே ஓட்டினேன். எதிரே வந்த ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்காரர் கண் கூசி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டார். விழவில்லை. என் வெளிச்சத்தால் இன்னொருத்தர் விழப்பார்த்தார் என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் காலை செஞ்சியில் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன் ஸ்டீரிங் கவரைக் கழற்றினார். டிம்-பிரைட் சுவிட்சின் டிம் பாயிண்ட் கரிக்கட்டை. இடது பல்பின் கப்ளர் உருகி வழிந்திருந்தது. "பல்பை மாத்திட்டீங்க சார், சரி. வயரை யாரு மாத்துறது?" என்றார். இந்தப் பதிவே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

கணக்கு எளிது. 12 வோல்ட்டில் 55 வாட்ஸ் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். ரெண்டு பல்புக்கும் சேர்த்து 9.2. என் வண்டி மாதிரி ரிலே இல்லாத பழைய வண்டிகளில் இந்த மின்னோட்டம் முழுக்க ஒரே சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. 90 வாட்ஸ் போட்டால் அது 15 ஆம்பியர் ஆகிறது. வாட்ஸ் 1.6 மடங்குதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் வயரிலும் சுவிட்ச் பாயிண்டிலும் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.64-ஐ 1.64-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2.7 மடங்கு சூடு. அதான் கருகியது.

சரி, முதலில் வெளிச்சம் ஏன் குறைந்தது? புது சுவிட்ச், புது கப்ளர், பழைய 60/55 பல்பு எல்லாம் மாட்டியபிறகு மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். லைட் எரியும்போது பல்பின் கால்களில் 12.2. வழியிலேயே 1.7 வோல்ட் காணாமல் போகிறது! இது சின்ன விஷயம் இல்லை. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறக்குறைய 3.4-வது அடுக்கில் மாறும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். என் வண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தது. பல்பு பாவம், கிடைத்ததை வைத்து எரிந்துகொண்டிருந்தது.

அந்த 1.7 எங்கே போனது என்று கண்டுபிடிப்பதுதான் சுவாரசியமான வேலை. லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை பல்புக்கு வரும் வயரிலும் வைத்தேன்: 1.2 வோல்ட். பல்பின் எர்த் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில்: 0.5. ரேடியேட்டர் ஓரமாக இருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் ஒரே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டியதும் 0.5 என்பது 0.1 ஆனது. செலவு உப்புத்தாள் மட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல்பைக் கழற்றிவிட்டு, மீட்டரில் 'பீப்' சத்தம் வருகிறதா என்று பார்த்து வயர் நல்லா இருக்கு என்று முடிவு செய்யாதீர்கள். இருபது இழையில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். அதில் 5 ஆம்பியர் போகுமா என்பதுதான் கேள்வி. லோடு இல்லாமல் டெஸ்ட் பண்ணிவிட்டு புரொடக்‌ஷனில் மாட்டிக்கொள்ளும் கதை எங்கள் தொழிலில் தினமும் நடப்பது.

பாசிட்டிவ் பக்கத்துக்கு ரிலே போட்டோம். ரிலேயின் 30-ஆம் காலுக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர், 87-லிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு. இப்போது பழைய சுவிட்ச் அந்த சின்ன காயிலை மட்டும் இயக்கினால் போதும். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் பாடியில் உரசினால் காப்பாற்ற யாரும் இல்லை. இன்னொன்று: சில கார்களில் ஹெட்லைட் சுவிட்ச் பாசிட்டிவை விட்டுவிட்டு எர்த் பக்கத்தைத்தான் இணைக்கும். அதில் சாதாரண ரிலே கிட் மாட்டினால் பிரைட் இண்டிகேட்டர் தாறுமாறாக எரியும். மாட்டும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது பல்பில் 13.5 வோல்ட். அதே 60/55 பல்பு, முன்பைவிட சுமார் 40 சதவீதம் கூடுதல் வெளிச்சம்.

"எல்ஈடி போட்டா தொல்லை இல்லையே" என்பார்கள். மின்னோட்டம் குறையும், உண்மைதான். ஆனால் ஹாலஜனுக்கான ரிஃப்ளெக்டர், இழை மிகச் சரியாக எந்த இடத்தில் இருக்குமோ அதற்காகவே வளைக்கப்பட்டது. வெளிச்சம் பிறக்கும் இடம் சில மில்லிமீட்டர் மாறினாலும் டிம் லைட் மேலே சிதறி எதிரே வருபவர் கண்ணில்தான் விழும். சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. வண்டியை உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எந்த வெளிப் பொருளை மாட்டினாலும் நான் இப்போது பின்பற்றுவது இவ்வளவுதான். மாற்றும் முன் அளந்து எழுதி வை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிய பின் மறுபடி அள. கழற்றிய பழைய பொருளைத் தூக்கிப் போடாதே. புதுசு மாட்டியபின் ஏதாவது கெட்டால் அந்தப் பொருளை மட்டும் பார்க்காமல், அது புதிதாகச் சுமை ஏற்றிய இடத்தையும் பார்.

போன சனிக்கிழமை விடியற்காலையில் டிம் லைட்டிலேயே செஞ்சி வந்து சேர்ந்தேன். முன்னால் போன நெல் டிராக்டர் நூறடிக்கு முன்பே தெரிந்தது. ஏறிய திருநாதர்குன்று பற்றி அடுத்த பதிவில்.