எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்!

"எனக்கே எழுத்துத் தெரியாது. பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?"

பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேலைக்குப் போகும் தாய்மார் பலருக்கு எழும் கேள்வி இது. சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும்.

விடை இதுதான்: சொல்லிக் கொடுக்கலாம்!

அன்று வேலை, இன்று பள்ளி

ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துச் சிறுவர், சிறுமியர் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1996-ல் சிவகாசிச் சிறுவர்கள் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. 2010 முதல், 6 வயதிலிருந்து 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி உரிமையாகிவிட்டது.

ஆனால், பள்ளிக்குப் போனால் மட்டும் போதாது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை வகுப்பில் பின்தங்கும். பின்தங்கினால் பள்ளி கசக்கும். கசந்தால் நின்றுவிடும். பிறகு வேலைதான்!

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் பாடத்தை மறந்தார்கள். அதை ஈடுகட்ட, தமிழக அரசு 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி'யையும், 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் தொடங்கியது. வீட்டிலும் தினம் கால் மணி நேரம் ஒதுக்கினால் பலன் இரட்டிப்பாகும்.

மூன்றே எழுத்து

ட, ப, ம. எழுத எளிய எழுத்துக்கள் இவை. தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். புள்ளி வைக்கவும் பழகிவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கிடைத்துவிடும்!

பிள்ளை படிக்கிறதா, மனப்பாடமாக ஒப்பிக்கிறதா? படிக்காத தாயும் கண்டுபிடிக்கலாம். ஒரே மாதிரி இருக்கும் சொல்லைப் பக்கத்தில் இரண்டு இடத்தில் தொட்டுக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே விடை வரவேண்டும்.

பத்துப் பத்தாக

விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்து, பத்துப் பத்தாக நூலால் கட்டுங்கள். ஒரு கட்டும் இரண்டு குச்சியும் 12. இரண்டு கட்டும் ஒரு குச்சியும் 21. இனி 12-க்கும் 21-க்கும் குழப்பம் வராது.

சிவகாசி காலண்டர் இருக்கிறதே! தினம் தாள் கிழிக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். "நேற்று என்ன தேதி? மூன்று நாள் கழித்து என்ன தேதி?" என்று கேளுங்கள். கூட்டலும் கழித்தலும் வந்துவிடும்.

தீப்பெட்டிக் கணக்கு அறிந்தவர்களுக்குக் 'குரோஸ்' தெரியும். 12 டஜன் ஒரு குரோஸ், அதாவது 144. பன்னிரண்டாம் வாய்ப்பாடு உங்கள் கையிலேயே இருக்கிறது!

கவனம்!

மருந்து வைத்த குச்சியையும் பட்டாசையும் எண்ணக் கொடுக்காதீர்கள். வேலை உடையை மாற்றி, கை கழுவிய பிறகே பிள்ளையுடன் உட்காருங்கள். தவறினால் அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்த பிள்ளை புத்தகத்துக்கும் பயப்படும்.

பிள்ளை படிக்கும்போது நீங்களும் அந்த மூன்று எழுத்தை எழுதிப் பாருங்கள். ஒரு மணல் தட்டில் இருவர் படிக்கலாம்!