பயிலும் ஆசிரியர்

எம் கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோருட் பலர் பட்டம் பெற்றபின் ஆசிரியத் தொழிலையே நாடிச் செல்வர். அதற்கு அவர் ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரியிற் பயில வேண்டும். 2015-ஆம் ஆண்டு முதல் அப்படிப்பு ஈராண்டினதாயிற்று. அதன் இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஒரு பள்ளியில் இருந்து வகுப்பெடுத்துப் பழகுதல் வேண்டுமென்பதும் விதியாயிற்று. அப்பதினாறு வாரமும் பழகுவார்க்கே பயிற்சி. எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அன்று. அவனுக்கு அந்த வகுப்பு வாழ்நாளில் ஒருமுறையே வருவது. இவ்வேறுபாடு நினைவில் நின்றால் பயிலும் ஆசிரியர் ஒழுக வேண்டிய நெறி பெரும்பாலும் தானே விளங்கும் என்பது எம் கருத்து.

ஆசிரியர் இலக்கணத்தை நம் மொழியில் முறைப்பட வகுத்துரைத்த நூல்களுள் நன்னூல் சிறந்தது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் அதனை இயற்றினார். சமண முனிவர் செய்த நூலுக்குச் சைவராகிய ஆறுமுக நாவலர் காண்டிகையுரை கண்டார். கிறிஸ்தவக் கல்லூரியில் யாம் அதனைப் பாடமாகப் படிக்கின்றோம். அந்நூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கனையும், ஆசிரியராகத் தகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கனையும் உவமை கூறுகின்றது. முன்னைய நான்கும் ஆசிரியர் நாள் விழா மேடைதோறும் கேட்கப்படுவன. பயிலுவோர் பின்னைய நான்கினையே ஊன்றிப் படித்தல் வேண்டும் என்போம். என்னை? நிலமும் மலையும் ஆதற்குப் பல்லாண்டு செல்லும்; பனையாகாமல் இருத்தல் முதல் நாளே இயலும்.

கழற்சிக்காய்களை ஒரு குடத்தில் இட்டுக் கவிழ்த்தால், முதலில் இட்டது முதலில் வாராது. வாய்க்கு எது நேர்பட்டதோ அதுவே விழும். பாடத்தை ஒழுங்குபடுத்தாது வகுப்பிற் புகுவார் நிலை இது. பாடக்குறிப்பேடு என ஒன்று எழுதுகின்றனரே எனின், மேற்பார்வையாளரின் கையொப்பத்திற்கென்றே அதனை எழுதுவார் பலர். முந்தைய ஆண்டு பயின்றார் ஏட்டைப் பெயர்த்தெழுதுவாரும் உளர். பருத்திக்குண்டிகை என்பது பஞ்சு அடைத்த சிறுவாய்க் கலம். அதிலிருந்து பஞ்சு சிறிது சிறிதாகவே வரும். கற்றும் எடுத்துரைக்கமாட்டாதவர்க்கு அஃது உவமை. இக்குறை பேசப் பேசத் தீரும், ஆதலின் அஞ்சற்க. முடத்தெங்கு நீர் வார்த்தவன் மனையில் நின்று அடுத்த மனையிற் காயை உதிர்ப்பது. பள்ளியில் ஊதியம் பெற்றுக்கொண்டு மாலைத் தனிவகுப்பிற் பாடஞ் சொல்லுவார்க்கு இதனினும் பொருத்தமான உவமை யாம் கண்டிலோம். 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தன் 28-ஆம் பிரிவில் ஆசிரியர் தனிவகுப்பு நடத்துதலை விலக்கியிருக்கின்றது.

எஞ்சியது மடற்பனை. கருக்கு மட்டைகள் சூழ நிற்கும் அப்பனையில் ஒருவரும் ஏற முடியாது. பழம் தானே விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். அணுகி வினவ இடங்கொடாத ஆசிரியர் இத்தகையர். நான்கனுள் இதுவே கொடியது என யாம் கருதுதற்கு ஒரு காரணம் உண்டு.

எம் ஊர் பிச்சாவரத்துக்கு அணித்தாய கிள்ளைப் பக்கத்தது. அங்குள்ள உப்பங்கழியில் கண்டல் மரங்கள் கால்களை ஊன்றினாற்போல வேரூன்றி நிற்கும். வெண்கண்டலின் வேர்களோ சேற்றினின்றும் ஈட்டி முனைகள்போல மேல்நோக்கி எழும். நீர் நிறைந்த சேற்றில் காற்று அரிதாதலின் அவை மேலெழுந்து மூச்சு விடுகின்றன. யாம் ஆறாம் வகுப்பிற் பயின்றபோது, பயிற்சிக்கு வந்த ஆசிரியர் ஒருவர் தாவரப் பாடம் நடத்தி, வேர் என்பது எப்பொழுதும் கீழ்நோக்கியே வளரும் என்றார். கடைசி வரிசையில் இருந்த இருளர் குடிப் பிள்ளை ஒருவன் எழுந்து, “சார், எங்க ஓடையில வேரு மேல தானே சார் வளருது” என்றான். ஆசிரியர் முகம் மாறியது. “புத்தகத்தில் இருப்பதைச் சொல், உட்கார்” என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. யாமும் சிரித்தோம்.

அவ்வாசிரியர் தீயவர் அல்லர். அன்று அவருடைய மேற்பார்வையாளர் வகுப்பின் பின்புறம் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தார், அவ்வளவே. ஆயினும் அப்பிள்ளை அதன்பின் எழுந்து ஒன்றும் வினவியதில்லை. தாயுடன் ஓடைகளிற் கையாற் துழாவி இறால் பிடிக்கச் செல்லும் நாட்கள் மிகுந்தன. ஆண்டிறுதிக்குள் பள்ளி வருதலே நின்றது. அந்த ஒரு சொல்லே காரணம் என்று கூறமாட்டோம். வறுமையும், அக்குடியினர்க்குச் சாதிச் சான்றிதழ் எளிதிற் கிடையாமையும் பெருங் காரணங்கள். ஆனால், ‘நான் பார்த்ததில்லையே தம்பி, நாளைக்கு ஒன்று கொண்டு வா, எல்லாரும் பார்ப்போம்’ என்று அவர் சொல்லியிருந்தால் மறுநாளேனும் அவன் வந்திருப்பான். சென்ற ஆண்டு படகுத்துறையில் அவனைக் கண்டோம். வெளியூரார்க்கு அவ்வேர்களைக் காட்டிப் பிழையின்றி விளக்கிக்கொண்டிருந்தான்.

ஆகவே, அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவைப் பயிலும் ஆசிரியர்க்கு முதற்பண்பாக வைக்கின்றோம். மேற்கூறிய சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளின் உடலை வருத்துதலோடு உள்ளத்தை வருத்துதலையும் தடுக்கின்றது. பிரம்பை எடுக்கலாகாது என்பதைப் பலரும் அறிந்துளர். சிரிக்கவைத்தலும் அதனுள் அடங்கும் என்பதை அறிந்தார் சிலரே.

பயிலும் நிலை இழிவன்று. தரங்கம்பாடி மிஷனார் 1716-ஆம் ஆண்டிலேயே ஆசிரியரைப் பழக்குதற்கென ஒரு பள்ளி தொடங்கினர். மேற்குறித்த நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் பேர்சிவல் துரையிடம் பயின்று, அங்கேயே இளம் ஆசிரியராக இருந்து, மிஷன் பள்ளிகள் நடக்கும் முறையை அருகிருந்து கண்டவர். தாமே பள்ளிகள் நிறுவியபோது அம்முறைகளை மேற்கொண்டார்; அவற்றுள் ஒன்று 1864-இற் சிதம்பரத்தில் எழுந்தது. அவர் மிஷனாரோடு சமயத்தில் மாறுபட்டார், கற்றுக்கொண்டதை மறுக்கவில்லை. தம்மைப் பழக்கும் மூத்த ஆசிரியரின் பாடத்தைப் பின்னிருந்து கேளாமல், ஓய்வறையில் அவரைப் பழிக்கும் இக்காலப் பயிலுநர் இதனை எண்ணுவாராக.

இன்னும் சில. பிள்ளைகளைச் செல்பேசியிற் படம் எடுத்து ஊரறியப் பரப்புதல் தகாது; வறிய பிள்ளையின் கிழிந்த சட்டை நம் தொண்டிற்குச் சான்றன்று. குடும்ப நிலை குறித்து ஒரு பிள்ளை தனியே கூறியதை ஓய்வறையிற் பேசலாகாது. குறித்த நேரத்திற்கு வருதலைப் பற்றி எழுதவும் வேண்டுமோ? சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்கு வரும் பேருந்தை நம்பி இருப்போர் ஒரு பேருந்து முன்னதாகவே புறப்படுக. சேர்ந்த முதல் வாரத்திற்குள் பிள்ளைகள் அனைவர் பெயரையும் அறிந்துகொள்ளல் வேண்டும். ‘ஏய், கடைசி பெஞ்சு’ என்பது பெயராகாது. பயிற்சி முடியும் நாளில், திருத்தாத ஏடுகளை வகுப்பாசிரியர் மேசைமேல் அடுக்கிவிட்டு விடைபெறுதல் பலர்க்கு வழக்கம். அவற்றைத் திருத்திப் பிள்ளைகள் கையிற் கொடுத்த பின்னரே பேருந்து ஏறுக.