உயிர் காக்கும் கதிர்கள்

புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி, அந்நோய்க்கெனத் தமிழகத்தில் தனி மருத்துவமனை அமைய வேண்டும் என்று அயராது உழைத்தார். அதன் பயனாக, 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் இந்நோய்க்கான முதன்மைச் சிகிச்சை முறைகளாகும். இவற்றுள் கதிர்வீச்சுச் சிகிச்சை பல வகைப்படும்.

கதிர்கள் உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. அச்சிதைவைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றல் நலமான அணுக்களுக்கு மிகுதி; புற்றணுக்களுக்குக் குறைவு. ஆதலால், முழு அளவையும் ஒரே நாளில் செலுத்தாமல், பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாள் எனச் சில வாரங்களுக்குப் பகிர்ந்து அளிக்கின்றனர்.

உடலுக்கு வெளியிலிருந்து கதிரைச் செலுத்துவது புறக்கதிர்ச் சிகிச்சை. இதற்கு முன்னர்ப் பெரிதும் பயன்பட்டது கோபால்ட்-60 கருவி. கோபால்ட்டின் கதிர்வீச்சு ஏறத்தாழ 5.27 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே, அதனை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இன்று பரவலாக உள்ள நேரியல் முடுக்கி, மின்னணுக்களை விரைவுபடுத்தி உலோகத்தின்மீது மோதச்செய்து ஊடுகதிர்களை உண்டாக்குகிறது. மின்சாரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். கட்டியின் வடிவத்திற்கேற்பக் கதிர்க்கற்றையை வடிவமைப்பதும் இதில் இயலும்.

ஊடுகதிர் கட்டியைக் கடந்து அப்பாலுள்ள உறுப்புகளையும் தீண்டும். புரோட்டான் கற்றையோ, குறித்த ஆழத்தில் தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். குழந்தைகளுக்கு வரும் சில கட்டிகளுக்கும், மூளையை ஒட்டிய சில கட்டிகளுக்கும் இப்பண்பு பெருந்துணையாகிறது. இவ்வசதி 2019ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்றது. எனினும், இதற்கான செலவு மிகுதி. எல்லாப் புற்றுநோய்க்கும் இதுவே சிறந்தது எனக் கூறவும் இயலாது.

திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் கார்த்திகைத் தீபத்தின் வெளிச்சம் தொலைவு கூடக்கூடக் குறைகிறது. தொலைவு இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். கதிர்வீச்சிற்கும் இவ்விதி பொருந்தும். கதிர்மூலத்தைக் கட்டிக்குள்ளோ அருகிலோ வைக்கும் அண்மைக்கதிர்ச் சிகிச்சைக்கு அடிப்படை இதுவே. கட்டிக்கு மிகுந்த கதிரும் சுற்றியுள்ள உறுப்புகளுக்குக் குறைந்த கதிரும் சேரும். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இம்முறைக்குச் சிறப்பிடம் உண்டு.

தைராய்டு சுரப்பி இயல்பாகவே அயோடினை ஈர்க்கும். ஆகவே, சிலவகைத் தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடினை வாய்வழியே அளிக்கின்றனர். அவ்வாறு உட்கொண்டவர் சில நாள் தனித்திருத்தல் வேண்டும். புறக்கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் உடலிலோ கதிர் தங்குவதில்லை. அவர் தம் குழந்தையைத் தயக்கமின்றி அணைத்துக்கொள்ளலாம்.

நோயின் இடம், வகை, பரவல் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவர் உரிய முறையைத் தேர்கிறார். திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வேலூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் சென்னைக்கும் செல்லும் எளியோர்க்கு நாள்தோறும் பயணம் பெருஞ்சுமையே. வலி குறைந்தது என்றோ, கூலி போகிறது என்றோ இடையில் நிறுத்தினால் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகக்கூடும். எவ்வகைக் கதிராயினும், அதனை முழுமையாகப் பெற்றால்தான் உரிய பயன் கிட்டும். அதற்குத் துணைநிற்பது குடும்பத்தின் கடமை, ஊரின் கடமையுமாகும்.