படிவம் 22

வாகனக் கடன் கோரி வருவோர் வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் நுணுகிக் கேட்பர். படிவம் 22 பற்றிக் கேட்பவர் அரியர்.

புதிய வாகன மாதிரி எதுவும் விற்பனைக்கு வருமுன், புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சோதனையில் தேற வேண்டும். அங்கே காரை உருளைகளின் மீது நிறுத்தி, வகுத்த அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இயக்குவர். வெளிவரும் புகையைப் பைகளில் சேகரித்துப் பகுத்தாய்வர். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட பி.எஸ். 4 அனுமதித்தது, பி.எஸ். 6 அளவு 80 மட்டுமே.

இச்சான்று மாதிரிக்கு உரியது. நாம் வாங்கும் தனி வண்டிக்கு அன்று. நம் வண்டியும் அம்மாதிரிக்கு இணங்கியதே எனச் சேசிஸ் எண், எஞ்சின் எண்ணுடன் தயாரிப்பாளர் உறுதியளிப்பதே படிவம் 22. அஃதின்றிப் புதிய வண்டிக்குப் பதிவு இல்லை. பதிவின்றி வண்டி வாசலில் நின்றாலும் தவணை நிற்காது.

பி.எஸ். 4 வண்டிகளை 2020 ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதியவோ கூடாதென உச்ச நீதிமன்றம் 2018-இல் ஆணையிட்டது. 2020 மார்ச்சில் பெருந்தள்ளுபடியைக் காட்டிக் கடன் கேட்ட ஒருவரிடம், மாத இறுதிக்குள் பதிவு முடியும் என விற்பனையாளரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னேன். அவர் திரும்பி வரவில்லை.

பதிவாகி ஓராண்டு கழிந்தபின் நாம் பெறும் பி.யு.சி. சான்று வேறு. பெட்ரோல் வண்டி நின்ற இடத்தில் இயங்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவுகளையும், டீசல் வண்டியின் புகை அடர்த்தியையுமே அது காட்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளை அங்கு அளப்பதில்லை.