நங்க பர்பத் நாயகன் ஏன் மெதுவாக ஓடச் சொல்கிறார்?

2010 மார்ச். கனடாவின் ராக்கி மலைத்தொடரில் உள்ள மவுன்ட் டெம்பிளில் ஏறிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஹவுஸ், சுமார் 25 மீட்டர் கீழே விழுந்தார். விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்தன. ஒரு நுரையீரல் சுருங்கிப்போனது.

ஹவுஸ் லேசுப்பட்டவர் அல்ல. அமெரிக்க மலை வழிகாட்டி. 2005-ல் வின்ஸ் ஆண்டர்சனுடன் பாகிஸ்தானின் நங்க பர்பத் (8,126 மீட்டர்) சிகரத்தை, 4,000 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள ரூபல் முகம் வழியாகத் தொட்டவர். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. சுமை தூக்கவும் ஆள் கிடையாது.

உயிர் பிழைத்தவர், கற்றதைச் சொல்லித்தரும் பக்கம் திரும்பினார். 2012-ல் இளம் வீரர்களுக்காக 'ஆல்பைன் மென்டர்ஸ்' தொடங்கினார். 2014-ல் பயிற்சியாளர் ஸ்காட் ஜான்ஸ்டனுடன் பயிற்சி நூல் எழுதினார். பிறகு இருவரும் சேர்ந்து மலையேறுபவர்களுக்கும் மலை ஓட்டக்காரர்களுக்கும் 'அப்ஹில் அத்லெட்' பயிற்சி நிறுவனத்தை உருவாக்கினார்கள்.

மூச்சிரைக்க ஓடினால்தான் பலம் கூடும் என்று நினைக்கிறோம் இல்லையா? இவர்கள் சொல்வது நேர்மாறு. பயிற்சியின் பெரும்பகுதி, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் உடல் கொழுப்பை எரித்து, மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கப் பழகும்.

நாளைக் காலை நடைப்பயிற்சியிலேயே சோதித்துப் பாருங்கள். பேச முடியவில்லையா? வேகத்தைக் குறையுங்கள். மலை எங்கும் ஓடிவிடாது!